கடலுக்குப் பட்டா இல்லை. கடலோடிக்கு உரிமை உண்டு

மாசி கழிந்து பங்குனி பிறக்கும் இந்த வாரங்கள் இந்தியக் கடலோரத்தில் ஓய்வறியாத உழைப்பின் வாரங்கள். வாடைக்காற்று அடங்கிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று எழுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும். அதற்கு முன் கடல் தருவதைக் கொண்டுதான் மீனவக் குடும்பங்கள் டீசல் கடனையும் வலைக் கடனையும் அடைக்க வேண்டும்; தடைக்கால வயிற்றுப்பாட்டுக்கும் மிச்சம் பிடிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட வாரங்களை ஒட்டித்தான் 2025இல் தென்னகக் கடலோரம் வேலையை நிறுத்திவிட்டுப் போராடியது. 2025 பிப்ரவரி 27 அன்று கேரளக் கடலோரம் முழுவதும் 24 மணி நேரம் படகுகள் கடலுக்குச் செல்லவில்லை. கொல்லம் கடற்பரப்பில் கட்டுமான மணல் அள்ளுவதற்காக ஒன்றிய அரசு விட்டுள்ள ஏலத்தை எதிர்த்து நடந்த முழு அடைப்பு அது. அதற்கு நான்கு நாட்களுக்கு முன்பு, இராமேசுவரம் பகுதி மீனவர்கள் 32 பேரும் ஐந்து விசைப்படகுகளும் இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்டதை அடுத்து, இராமேசுவரம் மீனவர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் மறுநாள் அடுப்பு எரியாது என்பதை நன்கறிந்தவர்கள் இந்த முடிவுக்கு வருகிறார்கள் என்றால், அவர்கள் கழுத்தை நெரிக்கும் நெருக்கடியின் அளவை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ் உழைப்பாளிகளுக்கு இச்செய்திகள் தொலைவான ஊர்ச் செய்திகளாகத் தோன்றக்கூடும். உண்மையில் இதே போராட்டம் நாம் குடியிருக்கும் மாநகரின் கரையில்தான் நீண்ட காலமாக நடந்து வருகிறது. நாம் வாழும் மண்ணே ஒரு மீனவக் கிராமத்தின் மண்.

மீனவர் ஊரின் மீது எழுந்த மாநகரம்

ஏழு தீவுகள் இணைந்து பம்பாயாக மாறுவதற்கு முன்பே இக்கரையில் கோலி மீனவர்கள் வாழ்ந்தனர். மாஹிம் கழிமுகத்தை ஒட்டியிருந்த தாராவி, பம்பாய்த் தீவின் ஆறு பெரும் கோலிவாடாக்களில் ஒன்றாக ஆங்கிலேயர் காலத்து அரசிதழ்த் தொகுப்பிலேயே பதிவாகியுள்ளது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ்த் தோல் தொழிலாளர்கள் குடியேறியபோது, சதுப்பும் சேறுமாக இருந்த அந்நிலத்தின் ஓரத்தில் மீனவர் குடியிருப்பு ஏற்கெனவே இருந்தது. தாராவி கோலிவாடா இன்றும் இருக்கிறது. ஆனால் அதன் கடல் இல்லை.

கடல் தானாக விலகிப் போய்விடவில்லை. 1845இல் மாஹிமையும் பாந்திராவையும் இணைக்கும் தரைப்பாலம் கட்டப்பட்டது. பின்னர் ஒவ்வொரு தலைமுறையிலும் கழிமுகம் தூர்க்கப்பட்டது. 1970களில் தொடங்கி, மித்தி ஆற்றின் சதுப்பையும் அலையாத்திக் காட்டையும் மூடி பாந்திரா-குர்லா வளாகம் எழுந்தது. நகரத்தின் சாக்கடையும் ஆலைக்கழிவும் மித்தியில் விடப்பட்டன. வலை வீசிய நீர் கழிவுநீரானது. 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, வடிய வழியற்ற மித்தியின் கரைகளில் மூழ்கியவை ஏழைகளின் குடியிருப்புகளே. ஆற்றை அடைத்தவர்களின் கட்டடங்கள் இன்று நாட்டின் விலையுயர்ந்த அலுவலகங்களாக நிற்கின்றன.

செம்பூரை ஒட்டிய மாஹுல், துரோம்பே பகுதிகளின் கதையும் இதுவே. சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும் வேதிப்பொருள் சேமிப்புக் கிடங்குகளும் சூழ்ந்த அந்தக் கழிமுகத்தில் நண்டும் மட்டியும் எடுத்து வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் உண்டு. மாஹுல், அம்பாபாடா பகுதிகளின் காற்று மாசுக்காக நான்கு நிறுவனங்கள் 286 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2020இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அதே மாஹுலுக்குத்தான், நகரின் பிற பகுதிகளில் குடிசை இழந்த ஆயிரக்கணக்கான ஏழைகளை மாநகராட்சி கொண்டுபோய் அடைத்தது. மீனவருக்கு வாழத் தகாததாக்கப்பட்ட இடம், குடிசைவாசிக்குப் போதுமானது என்று கருதுகிறது ஆளும் வர்க்கம்.

சென்னை வாசகர்களுக்கு எண்ணூர் நினைவுக்கு வரும். அனல்மின் நிலையச் சாம்பலால் தூர்ந்த கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெயும் வந்து படிந்ததை நாடே பார்த்தது. மாஹுலும் எண்ணூரும் ஒரே கொள்கையின் இரு முகங்கள்.

ஆவணத்தில் இல்லாத வரைபடம்

இந்தச் சூறையாடல் ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது? நிலத்தைப் பறிக்க வேண்டுமானால் அரசு குறைந்தபட்சம் ஓர் அறிவிக்கை வெளியிட வேண்டும். பட்டாவையோ, மராட்டியத்தில் சாத்-பாரா எனப்படும் 7/12 பதிவேட்டையோ புரட்ட வேண்டும். கடலுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. மீனவர் தலைமுறைகளாக வலை விரிக்கும் இடம் அரசின் கண்ணில் வெற்று நீர்ப்பரப்பு. அங்கே கல்லைக் கொட்டினால் யாருடைய சொத்தும் பறிபோனதாகக் கணக்கில் வராது.

ஆனால் மீனவரிடம் வரைபடம் இருக்கிறது. மும்பைக் கரையில் டோல் வலை என்னும் பைவலையை, கடலடியில் ஊன்றிய முளைகளில் கட்டி, ஏற்றவற்ற நீரோட்டத்தின் குறுக்கே நிறுத்துகிறார்கள். நீரோட்டமே மீனைக் கொண்டுவந்து சேர்க்கும். பொம்பில் மீனும், ஜவளா எனப்படும் கூனி இறாலும் இவ்வாறு பிடிபடுபவை. எந்த முளை எந்தக் குடும்பத்துக்கு உரியது என்பது மரபால் வரையறுக்கப்பட்டது. பிடித்த பொம்பிலை மூங்கில் சட்டங்களில் தொங்கவிட்டுக் காயவைப்பதும், சந்தைக்குக் கொண்டுபோய் விற்பதும் பெண்களின் உழைப்பு. தமிழ்நாட்டில் பழவேற்காடு ஏரியில் நிலவும் ‘பாடு’ முறையும் இத்தகையதே. எந்த ஊரார் எந்த நாளில் எந்த இடத்தில் வலையிடுவது என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. எழுதப்படாவிட்டாலும் இவை சட்டங்களே. எவரும் கடலை முழுதாக விழுங்கிவிடாமல் தடுத்து வந்த சட்டங்கள்.

இந்த உரிமையைப் பதிவு செய்ய வழியே இல்லை என்று அரசு கூற முடியாது. மீனவக் கிராமங்களையும், வலை உலர்த்தும் களங்களையும், படகு நிறுத்தும் துறைகளையும் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் குறிக்க வேண்டும் என்பது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே உள்ள விதி. 1991இல் முதலில் வந்த அந்த அறிவிக்கை 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பட்டது. கடைசி மாற்றம் கட்டுமான முதலாளிகளுக்குக் கரையைத் திறந்துவிட்டது. வரைபடங்களில் தங்கள் ஊர்களும் பொது இடங்களும் விடுபட்டுள்ளன என்ற மீனவர்களின் முறையீடோ தமிழ்நாட்டிலும் மராட்டியத்திலும் இன்றும் தொடர்கிறது.

வொர்லி கோலிவாடாவின் அனுபவம் இதற்குச் சான்று. 10.58 கிலோமீட்டர் நீளக் கடற்கரைச் சாலைக்காக நூறு ஹெக்டேருக்கும் மேலான கடற்பரப்பு தூர்க்கப்பட்டது. 2019 ஜூலை 16 அன்று மும்பை உயர்நீதிமன்றம் சாலைக்கான அனுமதியை ரத்து செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் பணிகளைத் தொடர அனுமதித்தது. கிளீவ்லாண்ட் பந்தரிலிருந்து படகுகள் கடலுக்குச் செல்லும் வழியில் பாலத்தின் தூண்கள் வந்தன. தூண்களுக்கிடையே 60 மீட்டர் போதும் என்றனர் பொறியாளர்கள். அலையும் காற்றும் படகை எந்தப் பக்கம் தள்ளும் என்பதை அறிந்த மீனவர்கள் 200 மீட்டர் கேட்டனர். 2021இல் படகுகளையே அரணாக நிறுத்தி வேலையை மறித்தனர். நீண்ட போராட்டத்துக்குப் பின் 120 மீட்டர் இடைவெளிக்கு அரசு இணங்கியது. இது முழு வெற்றியன்று. ஆனால் ஒன்று தெளிவாயிற்று: காகிதத்தில் இல்லாத உரிமையைப் போராட்டத்தால் ஒப்புக்கொள்ளச் செய்ய முடியும்.

உப்பளத்தில் மோதவிடப்படும் ஏழைகள்

தாராவித் தமிழர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு மிக நெருக்கமானது.

தாராவி மறுமேம்பாட்டுத் திட்டம் 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலக்கேட்பில் அதானி குழுமத்தின் கைக்குச் சென்றது. திட்ட நிறுவனத்தில் அக்குழுமத்துக்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20 விழுக்காடு. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்பதை மெய்ப்பிப்போருக்கே தாராவிக்குள் இலவச வீடு. அதற்குப் பிந்தி வந்தவர்களும் மேல்தளத்தில் குடியிருப்போரும் தாராவிக்கு வெளியே அனுப்பப்படுவர்; அவர்கள் பணம் கட்டியோ, வாடகைக்கோதான் வீடு பெற முடியும். காகிதம் இல்லாதவன் குடியிருக்கவே இல்லை என்பது கணக்கெடுப்பின் அடிப்படை விதி. கடலில் மீனவருக்கு எந்த விதி பயன்படுத்தப்படுகிறதோ, அதே விதிதான் குடிசையில் தொழிலாளிக்கும்.

வெளியே என்றால் எங்கே? முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பகுதிகளில் 255.9 ஏக்கர் உப்பளநிலத்தை இத்திட்டத்துக்கு மாற்றித்தர 2024இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தேவ்நார் குப்பைக்கிடங்கு நிலமும் பட்டியலில் உள்ளது. தாணே கழிமுகத்தின் பெருக்கு நீரை வாங்கிக்கொண்டு நகரத்தை வெள்ளத்திலிருந்து காக்கும் இடம் உப்பளம். அதை ஒட்டிய அலையாத்திக் காடும் சேற்றுத்திட்டும் மீனும் இறாலும் குஞ்சு வளரும் தொட்டில். அங்கே அடுக்குமாடி எழுந்தால் கழிமுகத்து மீனவரின் பிழைப்பு கெடும். குடியேற்றப்படும் தாராவி ஏழையோ வேலையிலிருந்தும் சந்தையிலிருந்தும் வெகுதூரம் தள்ளப்பட்டு வெள்ளத்தின் வாயில் நிற்பார். தாராவியின் நடுவில் காலியாகும் நிலம் மட்டும் விற்பனைக்குரிய கட்டடமாகும்.

நாளை கழிமுகத்து மீனவர் எதிர்ப்புத் தெரிவித்தால், ‘ஏழைகளுக்கு வீடு கிடைப்பதைத் தடுக்கிறார்கள்’ என்று அரசு சொல்லும். தாராவியில் எதிர்ப்பு எழுந்தால், ‘வளர்ச்சிக்கு எதிரிகள்’ என்று சொல்லும். ஒருவரது இழப்பை மற்றவரது பங்காகக் காட்டி இருவரையும் மோதவிடுவது பழைய தந்திரம். 1966இல் தோன்றிய சிவசேனை இதைத்தான் செய்தது. மராட்டியத் தொழிலாளியின் வேலையைப் பறித்தவன் மாதுங்காவின் தென்னிந்தியக் குமாஸ்தா என்று சொல்லிக் கடைகளையும் உணவகங்களையும் தாக்கியது. அந்த வெறியின் உண்மையான இலக்கு செங்கொடிச் சங்கங்கள் என்பதை, கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் தோழர் கிருஷ்ணா தேசாய் 1970 ஜூன் 5 அன்று படுகொலை செய்யப்பட்டது காட்டிற்று. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. மண்ணின் மைந்தர்களிலும் மூத்தவர்களான கோலிகளின் கடலைத் தூர்த்தது யார்? மாதுங்காக் குமாஸ்தாவா, தாராவித் தோல் தொழிலாளியா? அந்த மைந்தர்களின் பெயரால் ஆட்சி நடத்தியவர்களே அனுமதிகளில் கையெழுத்திட்டார்கள்.

துறைமுகமும் கடல்மணலும்

பால்கர் மாவட்டத்தின் வாத்வன் இன்னும் பெரிய தாக்குதலின் களம். 76,220 கோடி ரூபாய் மதிப்பிலான துறைமுகத்துக்கு 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஆயிரத்து நானூறு ஹெக்டேருக்கும் மேலான கடல் தூர்க்கப்படும். டஹாணுப் பகுதியின் சூழலைக் காக்க அமைக்கப்பட்ட ஆணையம் 1998இல் இத்துறைமுகத்தை மறுத்தது. அதே ஆணையம் 2023 ஜூலையில் அனுமதித்தது. இடைப்பட்ட காலத்தில் கடல் மாறவில்லை. ஆட்சியாளரின் தேவை மாறியது. அங்கே மீனவரும் ஆதிவாசி விவசாயியும் ஒன்றாக நின்று போராடுகின்றனர். அந்த ஒற்றுமை நமக்குப் பாடம்.

கொல்லத்தில் நடப்பது இதன் அடுத்த படி. கரையையும் கழிமுகத்தையும் முடித்துவிட்டு மூலதனம் இப்போது கடலடிக்கு இறங்குகிறது. கடல்சார் கனிமச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டு, தனியாருக்கு ஏலம்விட வழி திறக்கப்பட்டது. 2024 நவம்பரில் 13 கடல் வட்டாரங்கள் ஏலத்துக்கு வந்தன. கொல்லத்துக்கு அப்பால் உள்ள மூன்றில் சுமார் 30 கோடி டன் கட்டுமான மணல் இருப்பதாகக் கணக்கு. மேற்குக் கரையின் வளமான மீன்பிடித் திட்டுகளில் ஒன்று அது. கேரள மீனவர்களோடு குமரி மாவட்ட மீனவர்களும் அங்கே தொழில் செய்கிறார்கள். 2025 மார்ச் 4 அன்று கேரளச் சட்டமன்றம் ஏலத்தைக் கைவிடக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் மராட்டியச் சட்டமன்றமும் ஏன் வாய் திறக்கக் கூடாது?

கடலுக்குள்ளும் வர்க்கம் உண்டு

மீனவர் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாரையும் அடக்கிவிடவும் கூடாது. கட்டுமரமும் பைவலையும் வைத்திருப்பவர் ஒருவர். பல விசைப்படகுகளுக்கு உரிமையாளர் இன்னொருவர். அந்தப் படகில் பங்குக்கோ கூலிக்கோ செல்லும் தொழிலாளி மூன்றாமவர். 1950களில் இந்திய-நார்வே திட்டத்தோடு கேரளத்தில் நுழைந்த இழுவைமடி, ஏற்றுமதி இறாலுக்காக எல்லாக் கரைகளுக்கும் பரவியது. கடலடியை உழுது வாரும் அந்த மடி, குஞ்சையும் முட்டையையும் சேர்த்தே அள்ளுகிறது. மராட்டியத்தில் சுருக்குமடி வலைக்கு 2016இல் கட்டுப்பாடு வந்தது. விளக்கொளி பாய்ச்சி மீன் பிடிப்பதை ஒன்றிய அரசு 2017இல் தடை செய்தது. ஆயினும் பணபலம் உள்ளவரின் படகுகளுக்குச் சட்டம் எட்டுவதில்லை என்பது சிறு மீனவர்களின் தொடர்ந்த முறையீடு. 2019இல் மராட்டியத்தின் மீன்பிடிப்பு 45 ஆண்டுகளில் இல்லாத அளவுக்குச் சரிந்ததை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்தது. அவ்வாண்டுப் புயல்கள் ஒரு காரணம். அளவுகடந்த பிடிப்பும் கழிவும் அவற்றுக்கும் முந்திய காரணங்கள்.

பாக் நீரிணையைப் பற்றிப் பேசும்போதும் இந்த உண்மையை மறைக்கக் கூடாது. மீனவர்களைச் சிறையிலடைப்பதையும், தாங்க முடியாத அபராதம் விதிப்பதையும், படகுகளைப் பறிமுதல் செய்வதையும் நாம் கண்டிக்கிறோம். பிடிபட்டவர்கள் பெரும்பாலும் கூலித் தொழிலாளிகள்; அவர்கள் உடனே விடுவிக்கப்பட வேண்டும். அதே வேளையில், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் போரால் கால் நூற்றாண்டுக் காலம் கடலுக்குப் போக முடியாமல் கிடந்து, கடன்பட்டு வலை வாங்கிய தமிழ் மீனவரின் வலையை இரவில் அறுத்துச் செல்வது நமது இழுவைமடிப் படகுகளே. இலங்கை 2017இல் இழுவைமடியைத் தடை செய்தது அம்மீனவர்களின் கோரிக்கையால்தான். கச்சத்தீவைக் காட்டித் தேர்தல்தோறும் உணர்ச்சியைக் கிளப்பும் கட்சிகள் இந்த ஏழைத் தமிழனைப் பற்றிப் பேசுவதில்லை. இழுவைமடியிலிருந்து ஆழ்கடல் தொழிலுக்கு மாற 2017இல் அறிவிக்கப்பட்ட திட்டம், தொழிலாளி தாங்க முடியாத கடன்சுமையால் மிகச் சில படகுகளோடு முடங்கிப் போயிற்று. மாற்றுத் தொழிலுக்கு அரசு முழுப் பொறுப்பேற்காமல் இச்சிக்கல் தீராது.

கடலோரத் தொழிலாளர்களுக்கு எல்லை கடந்து உதவும் மரபு உண்டு. 2017இல் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரத்தைச் சூறையாடியபோது, கேரள, தமிழ்நாட்டுப் படகுகள் அறுபதுக்கும் மேற்பட்டவை மராட்டியத்தின் சிந்துதுர்க் கரையில்தான் ஒதுங்கி உயிர் பிழைத்தன. மொழி வேறு, கொடி வேறு. ஆனால் புயலில் ஒதுங்க இடம் கேட்டவரைக் கரை திருப்பி அனுப்பவில்லை.

நமது கோரிக்கைகள்

2006இன் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் ஆதிவாசிகளின் மரபுரிமையை ஆவணமாக்கியது. அமலாக்கத்தில் ஆயிரம் குறைகள் இருந்தாலும், ‘இங்கே யாரும் இல்லை’ என்று சொல்லிக் காட்டைப் பறிப்பதை அது கடினமாக்கியிருக்கிறது. கடலோர மக்களுக்கும் அதுபோன்ற சட்டம் வேண்டும் என்று மீனவர் அமைப்புகள் நெடுங்காலமாகக் கேட்கின்றன. சிறு மீன்பிடிப்போரின் உரிமைகளுக்கான 2014ஆம் ஆண்டு பன்னாட்டு வழிகாட்டு நெறிகளை இந்தியாவும் ஏற்றுள்ளது. ஏற்றதைச் சட்டமாக்க என்ன தயக்கம்?

மீன்பிடிக் களங்கள் மீதான மரபுரிமையைப் பதிவுசெய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட வேண்டும். கோலிவாடாக்களின் எல்லைகள் உடனே வரையறுக்கப்பட்டு, வீடும் களமும் துறையும் அம்மக்களின் பெயரில் பதிவாக வேண்டும். மீன் விற்கும் பெண்கள் மீனவராகவே அங்கீகரிக்கப்பட்டு, நலத்திட்டங்களும் இழப்பீடும் அவர்களுக்கும் நேரடியாகச் சேர வேண்டும். தடைக்கால நிவாரணம் 2025இல் தமிழ்நாட்டில் 8,000 ரூபாயாக இருந்தது. 61 நாட்களுக்கு அது நாளொன்றுக்கு 131 ரூபாய்தான் வருகிறது. விலைவாசிக்கேற்ப அது உயர்த்தப்பட வேண்டும். எல்லாக் கடலோர மாநிலங்களிலும் படகுத் தொழிலாளிக்கும் மீன் விற்கும் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும். கொல்லம் உள்ளிட்ட கடல் கனிம ஏலங்கள் கைவிடப்பட வேண்டும். தாராவியில் ஆண்டுக்கணக்கும் தளக்கணக்கும் பார்க்காமல், அங்கே வாழும் அனைவருக்கும் அங்கேயே வீடும் தொழிலிடமும் வேண்டும். உப்பளநில மாற்றம் ரத்தாக வேண்டும்.

கடைசி இரண்டையும் ஒரே கோரிக்கையாக எழுப்ப வேண்டும் என்பதே இத்தலையங்கத்தின் வேண்டுகோள். தாராவிக்குள்ளேயே எல்லாருக்கும் வீடு என்ற முழக்கம் வென்றால் உப்பளம் தப்பும். உப்பளம் தப்பினால் கழிமுகமும் அதன் மீனவரும் தப்புவர். ஆகவே தாராவியின் குடியிருப்போர் கூட்டங்களில் கோலி மீனவரின் குரல் ஒலிக்க வேண்டும். கழிமுகத்து மீனவரின் போராட்டங்களுக்குத் தாராவித் தமிழ்த் தொழிலாளிகள் செல்ல வேண்டும். இரு மொழியில் துண்டறிக்கை வேண்டும். ஒரே மேடை வேண்டும். நமது தோழர்கள் இவ்வேலையைத் தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

காகிதம் இல்லை என்பதால் மனிதர் இல்லாமல் போய்விடமாட்டார்கள். கடலில் முளை ஊன்றியவரும் சேற்றில் குடிசை ஊன்றியவரும் சேர்ந்தே இந்த மாநகரை உருவாக்கினார்கள். அதைக் காக்கவும் அவர்களே ஒன்றுசேர வேண்டும்.